பாட்டியிடம் தொடங்கும் ஆய்வு

ஆறாம் படிவத்தில் படிக்கும் பிள்ளை ஒருநாள் வந்து, "அம்மா, பள்ளியில் ஆய்வு செய்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள்" என்று சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? "எங்களுக்கு என்ன தெரியும், டீச்சரைப் போய்க் கேள்" என்று அனுப்பிவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு வேண்டிய செய்தியில் பாதி நம் வீட்டிலேயே இருக்கக்கூடும்.

முதலில் இது என்ன வேலை என்று பார்ப்போம். 2012ஆம் ஆண்டு எஸ்.டி.பி.எம். கல்வி பருவமுறைக்கு மாறியது. அம்முறையில், எல்லாரும் எடுக்கும் பெங்காஜியான் ஆம் பாடத்திலும், வரலாறு எடுப்போருக்கு அப்பாடத்திலும் இடுபணி உண்டு. மாணவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, செய்தி திரட்டி, ஒப்பிட்டு, அறிக்கை எழுத வேண்டும். மனப்பாடம் இங்கே உதவாது.

கேள்வி சிறியதாக இருக்கட்டும். 'பிரிக்பீல்ட்ஸ் வரலாறு' என்று தொடங்கினால் எங்கே போய் முடியும்? 'பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைகள் வந்தது ஏன்?' என்று கேட்டால் வழி தெரியும். 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அழித்தன. அத்தாப்புக் கூரையும் மரமும் போய்ச் செங்கல் கட்டடங்கள் எழும்பவேண்டி வந்தது. அதிலிருந்து சூளை, சூளையிலிருந்து ஊர்ப்பெயர் என்று செய்தி தானே நீளும்.

நம் மக்களுக்கு இன்னும் நெருங்கிய கேள்வி ஒன்று உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றார்கள். கூலிக்குச் சமமாக அந்தச் சைக்கிள் கோரிக்கையை வைத்தார்களே, அதைக் கவனியுங்கள். அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

இதை ஆராயும் மாணவர், அதிகாரிகளின் கடிதம் ஒரு விதமாகவும் லயத்தில் கேட்ட கதை வேறு விதமாகவும் இருப்பதைக் காண்பார். எது பொய் என்று உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. எழுதியவர் யார், எப்போது எழுதினார், நேரில் கண்டாரா, கேட்டதைச் சொன்னாரா என்று பார்க்கவேண்டும். ஆய்வின் உயிர்நாடி இதுதான்.

பேட்டி எடுப்பதற்கும் பழக்கம் வேண்டும். "பாட்டி, அந்தக் காலத்தில் கஷ்டமா?" என்று கேட்டால், "ஆமாம் அய்யா" என்பதோடு பேச்சு முடிந்துபோகும். "பிரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? பிள்ளையை யார் பார்த்துக்கொண்டது? கிராணி பேர் போடாவிட்டால் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், மாலை முழுதும் பேசுவார். 1941இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. அடுத்த பள்ளி விடுமுறை வரட்டும் என்று காத்திருக்கிற காரியம் அல்ல இது. பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, கல்யாணப் படம் இவற்றையும் வீடு மாறும்போது குப்பையில் போட்டுவிடாதீர்கள். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது எத்தனையோ செக்ரோல் புத்தகங்கள் காணாமற் போயின.

வீட்டில் கேட்டதைச் சரிபார்க்கக் கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகமும் தேசிய நூலகமும் இருக்கின்றன. பஸ் காசு செலவுதான். நான்கைந்து பிள்ளைகளாகச் சேர்ந்து போனால் பயமும் குறையும்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். வண்ண அட்டை போட்ட கோப்பு ஒன்றைக் கண்டு ஒருமுறை நிறையப் புள்ளி கொடுத்துவிட்டோம். பிறகு அந்தப் பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்டோம், பதில் வரவில்லை. இணையத்தில் இருந்ததை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து அட்டையைக் கடைசியில்தான் பார்க்கிறோம்.

தமிழில் கேட்டதை மலாயில் எழுதும்போது 'பிரட்டு', 'தண்டல்' போன்ற சொற்களை மாற்றாமல் வைத்து, பொருளைப் பக்கத்தில் எழுதலாம். கடைசிப் பக்கத்து ஆதாரப் பட்டியலில், பாட்டி சம்மதித்தால், காப்பகக் கோப்பின் எண்ணுக்கு அடுத்த வரியில் அவருடைய பெயர், வயது, தோட்டம், பேசிய நாள் ஆகியவற்றையும் எழுதச் சொல்லுங்கள்.