மெல்லிய குழாயில் மாற்று வாயு

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கேப்பிலரி, மூன்று மீட்டர் வரை நீளும் செப்புக் குழாய். அதன் உட்துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. துளி ஈரம் உறைந்தாலே அடைத்துக்கொள்ளும். வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சரிலிருந்து வரும் குளிரூட்டித் திரவம் இதற்குள் உராய்ந்து உராய்ந்து அழுத்தம் இழக்கிறது. ஓரிடத்தில் குமிழிகள் கிளம்புகின்றன. ஆவி விரிந்து வேகமெடுப்பதால் அங்கிருந்து அழுத்தம் மளமளவென்று சரிகிறது. வேகம் அந்தத் திரவ-ஆவிக் கலவையின் ஒலிவேகத்தை எட்டிவிட்டால், பெட்டியைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரில் அழுத்தத்தை மேலும் குறைத்தாலும் ஓட்டம் கூடாது.

அசையும் பாகம் எதுவும் இல்லாததால் கேப்பிலரி பழுதாவது அரிது. ஆனால், வாயு மாறினால் தன்னைத் திருத்திக்கொள்ளத் தெரியாது.

ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் நெறிமுறையால் ஆர்-12 என்ற குளிரூட்டும் வாயு விலகி, ஆர்-134ஏ வந்தது. அது புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. இன்று அதன் இடத்தைப் பிடித்து வருவது ஐசோபியூட்டேன் என்ற ஆர்-600ஏ. இதன் அழுத்தமும் அடர்த்தியும் குறைவு. நிரப்ப வேண்டிய எடை ஏறக்குறையப் பாதிதான். ஆகவே கேப்பிலரியின் நீளம், துளை, கம்ப்ரசர் மூன்றையும் புதிதாகக் கணக்கிட்டாக வேண்டும்.

ஐசோபியூட்டேன் தீப்பற்றும். கம்ப்ரசர் லேபிளில் உள்ள வாயுவைத் தவிர வேறெதையும் நிரப்ப விடாதீர்கள்.