உயரமானிக்கு உயரம் தெரியாது, தெரியுமா?

விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று காட்டும் ஆல்டிமீட்டருக்கு உயரம் என்றால் என்னவென்றே தெரியாது, தெரியுமா? அதற்குத் தெரிந்ததெல்லாம் காற்றழுத்தம் மட்டும்தான்! உள்ளே காற்று நீக்கிய மெல்லிய உலோகச் சிமிழ். மேலே ஏற ஏற வெளி அழுத்தம் குறையும், சிமிழ் உப்பும், முள் நகரும். அழுத்தமோ இடத்துக்கு இடம், வேளைக்கு வேளை மாறும். அதற்கும் ஒரு வழி கண்டார்கள். குறிப்பிட்ட உயரம் தாண்டியதும் விமானிகள் எல்லாரும் 1013 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே அளவுக்குக் கருவியைத் திருப்பிவிடுவார்கள். காட்டும் உயரம் பிசகலாம். அக்கம்பக்கத்தில் பறக்கும் எல்லாருக்கும் அதே பிசகு என்பதால் மோதல் இல்லை!

வேகமானியின் கதை ஆற்றில் தொடங்கியது, தெரியுமா? 1732-இல் ஹென்றி பிட்டோ பாரிஸின் சேன் ஆற்றுக்குள் குழாயை விட்டு நீரோட்டத்தின் வேகத்தை அளந்தார். இன்று விமானத்தின் மூக்கருகே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்க்கு அவர் பெயர்தான். உறையாமலிருக்க அதற்கு மின்சாரச் சூடு வேறு! அப்படியும் 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்குக்கு மேலே ஏர் பிரான்ஸ் 447-இன் பிட்டோ குழாய்களைப் பனித்துகள் அடைத்தது. வேக அளவுகள் குழம்பின, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது, அடுத்தடுத்த தவறுகளில் விமானம் கடலில் விழுந்தது. 228 உயிர்கள்.

ஒரு துண்டு ஒட்டுநாடா 70 பேரைக் கொன்றிருக்கிறது, தெரியுமா? 1996 அக்டோபர் 2, லிமா. விமானத்தைக் கழுவும்போது அழுத்தம் அளக்கும் பக்கத்துளைகளை ஒட்டுநாடாவால் மூடியவர்கள், பிரிக்க மறந்தார்கள். நள்ளிரவில் ஏரோபெரு 603 கிளம்பியதுமே உயரம், வேகம் எல்லாம் தாறுமாறு. கீழே கடல், சுற்றிலும் இருட்டு. விமானிகள் தரைக்கட்டுப்பாட்டைக் கேட்டார்கள். அங்கிருந்தவர்கள் ரேடார் திரையைப் பார்த்து 9,700 அடி என்றார்கள். ஐயோ, அந்த எண்ணே விமானத்தின் பழுதான கருவி அனுப்பியதுதான்! சற்று நேரத்தில் இறக்கை நீரில் உரசியது. பக்கத்துளையின் பெயரை எந்தப் பயணியும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

மேகத்துக்குள் விமானியின் காதும் பொய் சொல்லும்! ஒரே சீராக நீண்ட நேரம் வளைந்து பறந்தால், உட்காது அதை நேர்ப்பயணம் என்றே நம்பிவிடும். அதற்கு மாற்றாக வந்ததே செயற்கை அடிவானம். பம்பரம் போலச் சுழலும் கைரோஸ்கோப், விமானம் எப்படிச் சாய்ந்தாலும் தன் அச்சை விடாது. 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் அருகே ஜிம்மி டூலிட்டில் தன் இருக்கையைத் துணியால் மூடிக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்தே கிளம்பி, சுற்றி, இறங்கிக் காட்டினார். அசகாய சூரர்!

காற்றே இல்லாத விண்வெளியில்? 1961-இல் ககாரினின் கலத்தில் பல்சக்கரங்கள் சுழற்றிய குட்டிப் பூகோள உருண்டை இருந்தது. கீழே எந்த நாடு என்று அது காட்டும். வெளியே ஒரு சென்சார்கூட இல்லை, எல்லாம் சக்கரக் கணக்கு! பின்னாளில் வந்த சோயுஸ் கலங்களின் உருண்டையில் ஒரு சுவிட்சைத் தட்டினால், இப்போது பிரேக் போட்டால் எங்கே இறங்குவோம் என்பதும் தெரியும்.

அப்போலோ கலத்திலும் ஓர் உருண்டை, ஆனால் இது கலம் எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று காட்டுவது. அதில் இரண்டு சிவப்பு வட்டங்கள். கலம் அந்த வட்டங்களின் பக்கம் திரும்பினால் கைரோஸ்கோப்பைத் தாங்கும் வளையங்கள் ஒரே தளத்தில் வந்து சிக்கிக்கொள்ளும். பிறகு நட்சத்திரங்களைப் பார்த்துத் திசையைப் புதிதாகக் கணிக்க வேண்டும். முந்தைய ஜெமினி கலங்களில் வளையங்கள் நான்கு, இதில் மூன்றே. நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த மைக்கேல் காலின்ஸ், கிறிஸ்துமஸ் பரிசாக நான்காவது வளையம் ஒன்றை அனுப்பி வையுங்களேன் என்று ஹூஸ்டனிடம் வானொலியிலேயே குத்திக்காட்டினார்!