பழைய வண்டியும் புதிய விலையும்

பயன்படுத்திய பொருளுக்கு விலை குறைதல் உலகியல்பு. நேற்று வாங்கிய குடை இன்று பாதி விலைக்கும் போகாது. மோட்டார் வண்டியோ விற்பனை நிலையத்தின் வாயிலைத் தாண்டிய அக்கணமே பழையதென்னும் பெயரைப் பெற்றுவிடுகின்றது. இவ்வியல்புக்கு மாறாக, ஆண்டு செல்லச் செல்ல விலை ஏறும் வண்டிகளும் உலகில் உள. அவை விரைவோட்டத்திற்கென்றே செய்யப்பட்ட பழைய வண்டிகள். 'ஸ்போர்ட்ஸ் கார்' என வழங்கப்படுவன. அவற்றின் விலை நம் காலத்தில் எய்தியுள்ள உயரம் வணிகர்க்கு மட்டுமன்றி, மதிப்பு என்பது யாது என ஆராயும் எவர்க்கும் சிந்தனைக்குரியதாகும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். இத்தாலி நாட்டில் மொடேனா நகருக்கு அணித்தாக உள்ளது மரனெல்லோ என்னும் ஊர். அங்கே என்சோ பெராரி என்பவர் நடத்திய தொழிலகம் 1962 முதல் 1964 வரை '250 ஜி.ரி.ஓ.' என்னும் பந்தய வண்டியைச் செய்தது. மூன்று லீற்றர் கொள்ளளவும் பன்னிரண்டு உருளைகளும் உடைய பொறி. ஏறக்குறைய 300 குதிரைவலு. அதன் உடலை மொடேனாவிலிருந்த ஸ்காலியெத்தியின் பட்டறையிலே கம்மியர் அலுமினியத் தகட்டைக் கைச்சுத்தியலால் அடித்தடித்து உருவாக்கினர். ஆகலின் ஒன்றைப்போல் மற்றொன்று முற்றும் அமையவில்லை. செய்யப்பட்டவை முப்பத்தாறு. அக்காலத்தில் அமெரிக்காவில் ஒன்றின் விலை சுமார் 18,000 டொலர்.

அவ்வண்டிகளுள் ஒன்று 2014 ஆம் ஆண்டில் ஏலத்தில் 3 கோடியே 81 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. 2018 இல் மற்றொன்று 4 கோடியே 84 இலட்சம் டொலரைப் பெற்றது. 2023 நவம்பரில் நியூயோர்க் நகரில் இன்னொன்று 5 கோடியே 17 இலட்சம் டொலரை எட்டியது. வண்டி மாறவில்லை, இரும்பும் அலுமினியமும் பொன்னாகிவிடவில்லை. மாறியவர் மனிதர்.

பாடசாலைக்கு வந்த பந்தய வண்டி

விலை இவ்வாறு ஏறுவதற்கு முன் இதே வண்டியின் நிலை யாது? பந்தய வண்டி அப்பருவத்துப் போட்டி முடிந்ததும் பழைய செய்தித்தாள் போன்றதாகிவிடும். அடுத்த ஆண்டில் அதனினும் விரைவானது வந்துவிடும். வீதியில் ஓட்டவோ அது வசதியற்றது: இரைச்சல் மிகுதி, வெப்பம் மிகுதி, பொருள் வைக்க இடமில்லை. ஆகவே 250 ஜி.ரி.ஓ. வண்டிகளுள் ஒன்று, பந்தயங்களில் ஓடி ஓய்ந்தபின், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து விக்டோரியா நகரிலுள்ள ஓர் உயர்தரப் பாடசாலைக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டது. மாணவர் மோட்டார்ப் பொறிநுட்பம் பயிலுதற்கு அது கருவியாயிற்று. 1972 ஆம் ஆண்டில் 6,500 டொலருக்கு அது விற்கப்பட்டது. வாங்கியவர் அதை ஒகையோ மாநிலத்துக்குக் கொண்டு சென்றார். அங்கே திறந்த வெளியில் இழுவண்டி ஒன்றின்மேல், வெயிலிலும் மழையிலும் பனியிலும் சுமார் பதினைந்து ஆண்டுகள் அது நின்றது. பின்னரே விலையுணர்ந்தோர் அதனை வாங்கிப் புதுக்கினர்.

இக்கதையைக் கூறுவோர் பலரும் அப்பாடசாலை இழந்த பெருஞ்செல்வத்தையே எண்ணி இரங்குவர். ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கோ வேறோர் எண்ணம் தோன்றுகின்றது. அவ்வண்டியின் நீண்ட வாழ்வில், இளைஞர் பலர் அதனைத் தொட்டும், திறந்தும், உறுப்புக்களின் தொழிலை அறிந்தும் நின்ற காலம் அக்காலம் ஒன்றே. கையில் எண்ணெய்க் கறையுடன் அதன் பொறியை அவர்கள் நோக்கினர். இன்று எந்தப் பாடசாலைக்கும் அது கிட்டாது. விலை ஏறியபோது வண்டி உயர்ந்தது; மாணவரிடமிருந்து எட்டாத உயரத்துக்கும் போய்விட்டது.

விலை ஏறும் வழிகள்

விலையேற்றத்தின் காரணங்கள் பலவாயினும் தலையாயவை சில. முதலாவது அருமை. முப்பத்தாறு வண்டிகள் முப்பத்தேழாகா. வாங்க விரும்பும் செல்வர் தொகையோ பெருகிக்கொண்டே செல்கின்றது. ஆயினும் அருமை ஒன்றே போதாது. ஒருவரும் விரும்பாத அரிய பொருள்கள் உலகில் எத்தனையோ உள.

இரண்டாவது, வரலாறு. எந்தப் பந்தயத்தில் ஓடிற்று, யார் ஓட்டினார், யார் கைமாறி யார் கைக்கு வந்தது என்பவற்றைக் காட்டும் பத்திரங்கள் வேண்டும். அடிச்சட்டத்தின் இலக்கமும் பொறியின் இலக்கமும் தொழிலகத்துப் பதிவேட்டோடு ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாதாயின் விலை வீழும். இத்தாலியில் 1927 முதல் 1957 வரை நடைபெற்ற 'மில்லே மில்லியா' என்னும் ஆயிரம் மைல் பந்தயத்தின் நினைவாக இக்காலத்தில் நடத்தப்படும் ஓட்டத்தில், அக்காலத்துப் பந்தயத்தில் பங்குகொண்ட இன வண்டிகளே இடம்பெறலாம். அத்தகுதியும் ஒரு வண்டியின் விலையை உயர்த்துகின்றது.

மூன்றாவது காரணம் அனைத்தினும் ஆழமானது. அது இளமை நினைவு. பதினைந்து வயதில் ஒருவன் கண்டு ஏங்கிய பொருளை ஐம்பது வயதில் செல்வனாகி வாங்குகின்றான். 1961 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் ஜாகுவார் தொழிலகம் 'ஈ-ரைப்' வண்டியைக் காட்டியபோது வியந்து நின்ற சிறுவர்களே பின்னாளில் அதன் விலையை உயர்த்தினர். பிந்திய தலைமுறையினரின் ஏக்கம் ஜப்பானிய வண்டிகளின்மேல் சென்றது. நிசான் தொழிலகம் 1989 இல் வெளியிட்ட 'ஸ்கைலைன் ஜி.ரி.ஆர்.' வண்டியை அமெரிக்க இளைஞர் பலர் கணினி விளையாட்டுக்களிலேயே கண்டனர், நேரில் கண்டிலர். இருபத்தைந்து ஆண்டு நிரம்பிய வண்டிக்கு அந்நாட்டின் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே 2014 இல் அதனைத் தடையின்றி இறக்குமதி செய்யும் வழி பிறந்தது; விலையும் ஏறிற்று. இவற்றை நோக்கும்போது மக்கள் வாங்குவது வண்டியையா, கழிந்த தம் இளமையையா என்னும் ஐயம் எழுகின்றது.

இளமை நினைவோடு பேராசையும் கூடும்போது விலை நிலைகொள்ளாது. 1987 ஒக்டோபரில் பங்குச் சந்தை வீழ்ந்தது. அஞ்சிய பணம் வேறு புகலிடம் தேடிற்று. 1988 ஓகஸ்ட்டில் என்சோ பெராரி மறைந்தார். ஜப்பானிலும் அக்காலம் பணப்பெருக்கு இருந்தது. இவையெல்லாம் கூடி விலையை வானளாவ ஏற்றின, 250 ஜி.ரி.ஓ. வண்டி ஒரு கோடி டொலரையும் கடந்தது. நாலைந்து ஆண்டுகளில் அதில் மூன்றிலொரு பங்கு கிடைத்தலும் அரிதாயிற்று. ஏறியவை யாவும் ஏறியபடியே நிற்கும் என எண்ணி இவ்வாணிகத்தில் இறங்குவோர் அக்காலத்தை நினைத்தல் நன்று.

அதே வண்டிதானா?

விலை மிகும்போது வழக்கும் மிகும். அவ்வழக்குகளுள் ஒன்று தருக்க நூல் கற்போர் அறியவேண்டியது. 'பழைய முதலாம் இலக்கம்' எனப் பொருள்படும் பெயர்பெற்ற பென்ட்லி வண்டி பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் 1929 இலும் 1930 இலும் வென்றது. 1932 இல், பொறியும் அடிச்சட்டமும் மாற்றப்பட்ட நிலையில், இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் உயிரையும் கொண்டது. பின்னர் மீண்டும் கட்டப்பட்டுப் பலர் கைமாறியது. 1990 ஆம் ஆண்டில் ஒரு கோடி பவுணுக்கு அதனை வாங்க உடன்பட்டோர், 'இது அந்த வண்டியே அன்று' என மறுத்தனர். வழக்கு இலண்டன் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது.

ஆராய்ந்தபோது 1929 ஆம் ஆண்டு வண்டியில் காலம் துணியவியலாத சில சிற்றுறுப்புக்கள் தவிர வேறொன்றும் எஞ்சவில்லை. 1930 ஆம் ஆண்டு வண்டியில் எஞ்சியவையும் இரண்டு மூன்றே. ஆயினும் நீதிபதி விற்றவர் பக்கமே தீர்த்தார். 'முதலிற் செய்தபடியே உள்ளது' என்பது வேறு. 'மெய்யானது' என்பது வேறு. உறுப்புக்கள் சிறிது சிறிதாக மாறினும் அவ்வண்டியின் வாழ்வு இடையறவில்லை. அப்பெயருக்கு உரிமை கொண்டாடும் பிறிதொரு வண்டியும் இல்லை. ஆகவே அது முதற்படியே அன்றாயினும் மெய்யானதே என்பது தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பு நமக்குப் புதிதன்று. சங்க நூல்களை முதன்முதலாக எழுதிய ஓலை எதுவும் இன்று இல்லை. ஏடு செல்லரிக்கப் படியெடுத்தும், அப்படி சிதைய மீண்டும் படியெடுத்தும் அவை வந்தன. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஊரூராகத் தேடுவித்தது ஓலையை அன்று. ஓலையில் வாழ்ந்த நூலை. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நூலைப் படியெடுத்தால் கற்போர் பெருகுவர். வண்டியைப் படியெடுத்தால் விலையுடையோர் வெகுள்வர். இத்தாலியின் பொலோஞா நகரத்து நீதிமன்றம் 2019 இல் 250 ஜி.ரி.ஓ. வண்டியைக் கலைப்படைப்பு என ஏற்று, அதன் உருவைப் பிறர் பார்த்துச் செய்தலைத் தடுத்தது. கம்மியர் சுத்தியலால் அடித்த தகடு கலைப்படைப்பு எனப் போற்றப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சியே.

நிற்பதும் ஓடுவதும்

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பது பழமொழி. இவ்வண்டிகளோ ஓடினால் ஆயிரம் பொன், ஓடாது நின்றால் அதனினும் மிகுதி என்னும் நிலையை எய்திவிட்டன. ஓடினால் தேயும், மோதினால் சிதையும். எனவே வெப்பமும் ஈரமும் அளந்து காக்கப்படும் அறைகளில் பல பூட்டப்பட்டுள்ளன. விரைவுக்கென்றே பிறந்த பொருள் அசையாதிருத்தலால் விலை பெறுவது முரண் அன்றோ?

விலையேற்றம் தீமையே செய்தது என்பதும் நீதியாகாது. வயலில் துருவேறிக் கிடந்தவற்றைத் தேடியெடுத்துப் புதுக்கச் செய்தது அவ்விலையே. கையால் தகடடிக்கும் தொழிலும், பழைய பொறியைச் செப்பனிடும் அறிவும் அழியாது ஊதியம் பெற்று வாழ்வதும் அதனாலேயே. இனி, உடையவரின் மனப்பாங்கும் வேறுபடும். 'பிங் புளொயிட்' இசைக்குழுவில் முரசிசைத்த நிக் மேசன் என்பவர் 1977 இல் சுமார் 37,000 பவுணுக்கு ஒரு 250 ஜி.ரி.ஓ. வாங்கினார். விலை பன்னூறு மடங்கு ஏறிய பின்னும் அதனைப் பூட்டிவைக்காது பந்தயத் தளங்களில் ஓட்டினார். பொருளை உடைமையாக வைத்திருத்தலுக்கும் அதனோடு வாழ்தலுக்கும் உள்ள வேறுபாடு இங்கே விளங்கும்.

மோட்டார் வண்டி ஒன்றுக்குக் கிடைத்த விலைகளுள் பெரியதெனப் பேர்பெற்ற விலை, பந்தயத்தில் ஒருமுறையும் ஓடாத வண்டிக்குக் கிடைத்தது. 1955 இல் மெர்சிடிஸ்-பென்ஸ் தொழிலகம் '300 எஸ்.எல்.ஆர்.' இனத்தில் கூரையுடைய வண்டிகள் இரண்டைச் செய்தது. அவ்வாண்டு லெ மான் பந்தயத்தில் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்ட பெருவிபத்து நேர்ந்தது. ஆண்டிறுதியில் அத்தொழிலகம் பந்தயங்களிலிருந்து விலகிற்று. பொறியியலாளர் ரூடொல்ப் ஊலன்ஹவுட் அவ்வண்டியைத் தம் போக்குவரவுக்குப் பயன்படுத்தினார். இரண்டினுள் ஒன்று 2022 மே மாதத்தில் ஸ்டுட்கார்ட் நகரில் 13 கோடியே 50 இலட்சம் யூரோவுக்கு விற்கப்பட்டது. அப்பொருளைக் கொண்டு, சூழலியலும் கரிக்கழிவு குறைக்கும் நுட்பமும் பயிலும் இளைஞருக்கு உதவிப்பணம் வழங்கும் நிதியம் ஒன்றைத் தொழிலகம் நிறுவியது. எரிநெய்யை அளவின்றிக் குடித்த வண்டி, அதன் புகையை நீக்கும் கல்விக்குப் பொருளாயிற்று.

விலை ஏறுதல் குற்றமன்று. பொருள் தன் பயனை இழத்தலே குற்றம். ஓடக்கூடிய வண்டியை உடையவர் ஓட்டுக. ஓட்டவியலாதாயின் பலரும் காண வைத்திடுக. இரண்டும் இயலாதாயின் விற்றுக் கல்விக்கு ஈக. டெக்சாஸ் மாணவர்கள் 6,500 டொலர் பெறுமதியான ஒரு வண்டியின் அருகில் நின்று கற்ற கல்விக்கு எந்த ஏலக்காரனும் இதுவரை விலை கூறவில்லை. கூறவும் இயலாது.