கணினிக் கோப்புக்களும் தலைமுறைப் படிகளும்

கொடைக்கானலுக்கு வந்து மீள்வோருள் ஏரியையும் தூண்பாறையையும் காணாதார் இலர். நகரின் உயர்ந்த குன்றொன்றின்மேல் அமைந்துள்ள சூரிய ஆராய்ச்சி நிலையத்தைக் கண்டு வருவோரோ சிலரே. 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாராய்ச்சி நிலையத்தின் வழித்தோன்றலாய், 1899-இல் இம்மலைமேல் நிறுவப்பெற்றது இது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்திற்குப் பின்னர், மழையின் பெருக்கமும் சுருக்கமும் ஞாயிற்றின் மாறுதல்களோடு தொடர்புடையனவோ என்னும் ஐயம் அறிஞரிடையே வலுப்பெற்றது. அதுவே இந்நிலையம் தோன்றுதற்கு ஒரு காரணமாயிற்று. ஞாயிற்றுக்கும் நம் கட்டுரைப் பொருளுக்கும் என்ன இயைபு என்று அன்பர்கள் வினவலாம். சிறிது பொறுத்தருள்க.

1904 முதல், வானம் தெளிந்த நாள்தோறும், இந்நிலையத்தார் ஞாயிற்றின் உருவத்தைக் கண்ணாடித் தகட்டிலே நிழற்படமாகப் பதிந்து வந்தனர்; பிற்காலத்தில் தகடு போய்ப் பிலிம் வந்தது. நேற்றைய தகடு இருக்க இன்றைய தகடு எற்றுக்கு என்று அவர்கள் கருதவில்லை. புதிய தகடு வந்ததும் பழையதை எறிந்துவிடவுமில்லை. எவர்ஷெட் என்னும் ஆங்கில அறிஞர், ஞாயிற்றின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் நடுவினின்று புறம்நோக்கிப் பாய்தலை 1909-இல் இங்கே கண்டறிந்து உலகப் புகழ் எய்தினார். அதனினும் பெரும்பயன் விளைத்தது அத்தகடுகளின் தொகுதியே என்று யான் துணிந்து கூறுவேன். கரும்புள்ளிகள் பெருகிச் சுருங்கும் சுழற்சி ஏறத்தாழப் பதினோராண்டுக்கு ஒருமுறை நிகழ்வது. ஒரு தகட்டால் அதனை அறிதல் இயலாது. ஓராண்டுத் தகடுகளாலும் இயலாது. நூற்றாண்டுக்கு மேற்பட்ட தகடுகள் ஒருங்கே இருத்தலால் அன்றோ, இற்றைநாள் ஆராய்ச்சியாளர் பல சுழற்சிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்க வல்லராயினர்!

இனி, நம் வீட்டுக் கணினிக்கு வருவோம். கட்டுரை, கடிதம், நிழற்படம், கணக்கு ஆகிய யாவும் இக்காலத்துக் கோப்புக்களாக அதனுள் உறைகின்றன. அவை அழிதல் கூடும் என்பதை யாவரும் அறிவர். ஆகவே பலர் ஒரு பென் டிரைவிலோ வேறு ஹார்ட் டிஸ்கிலோ ஒரு படி எடுத்து வைக்கின்றனர். வாரந்தோறும் அப்பழைய படியின் மேலேயே புதிய படியை எழுதி, இனி அச்சமில்லை என்று இருந்துவிடுகின்றனர். யானும் அங்ஙனம் இருந்தவனே.

பழனி மலையில் பண்ணைக்காட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்று எம்முடையது. எம் அப்பத்தாள் எழுத்தறியாதவர். ஆயினும் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் வாழைக்கும் காப்பிச் செடிக்கும் அவர் வழங்கிய சொற்கள் பல அகராதிகளில் யான் காணாதவை. கல்லூரியிற் சேர்ந்த ஆண்டு முதல் அவற்றைத் தொகுக்கத் தொடங்கினேன். முன்கூடத்துக் கணினியருகே அவர் முறத்தோடு அமர்ந்து சொல்லச் சொல்ல, நோட்டுப் புத்தகத்தில் எழுதும் வேலையை வீணென்று தள்ளி, நேரே தட்டச்சு செய்துவந்தேன். சனிக்கிழமை இரவுதோறும் பென் டிரைவில் ஒரு படி. முந்தைய படி அதனோடு மறையும். கோடை விடுமுறையில் அவர் மிக்க உவகையோடு சொல்லிய சொற்களும் சேர, தொகை அறுநூற்று நாற்பதாயிற்று. ஆனித் திங்களில் அப்பத்தாள் இறைவனடி சேர்ந்தார்.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை அச்சொற்களை அகரவரிசைப்படுத்தப் புகுந்தேன். பகர வருக்கம் முதல் வகர வருக்கம் வரையுள்ள பகுதியை வெட்டியெடுத்து வேறிடத்தில் ஒட்டக் கருதி வெட்டினேன். இடையே யாரோ அழைக்க எழுந்து சென்றேன். மீண்டு வந்து, ஒட்டாமலே கோப்பைச் சேமித்து மூடினேன். குறை என்னுடையதே, கணினியைக் குறைகூற வழியில்லை. பதினெட்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, 'ம'வில் ஒரு சொல்லைத் தேடியபோதுதான் அவ்வருக்கமே இல்லையென்பதை அறிந்தேன். கலங்காது பென் டிரைவைத் திறந்தேன். இடையே இரண்டு சனிக்கிழமைகள் சென்றிருந்தன. குறைபட்ட கோப்பை யானே என் கையால் நல்ல படியின்மேல் இருமுறை எழுதியிருந்தேன்! மதுரையிலுள்ள எம் அக்காளுக்குப் பங்குனியில் விளையாட்டாக அனுப்பிய பழைய கோப்பு ஒன்று அவர் மின்னஞ்சலில் கிடந்தமையால், அப்பகுதியில் தொண்ணூறு சொற்கள் மீண்டன. கோடையில் சேர்த்த எண்பது சொற்களுள் என் நினைவினின்று எழுதக் கூடியவை பதினாறே. எஞ்சியவற்றை மீட்டும் கேட்டெழுத அவர் இல்லை.

இந்நிகழ்ச்சியால் புலப்படுவது யாது? படி இல்லாமையால் கோப்பு அழியவில்லை. படி மிகச் செவ்வையாக எடுக்கப்பட்டமையாலேயே அழிந்தது. கேடு இருவகைத்து. ஹார்ட் டிஸ்க் பழுதாதலும் இடிமின்னலால் கணினி கருகுதலும் உடனே தெரியும் கேடுகள். இவற்றுக்கு அண்மைப் படி ஒன்றே போதும். கை பிசகி அழித்தல், கோப்பின் ஒரு பகுதி ஓசையின்றிக் கெடுதல் என்பன நாள் பல கழித்தே தெரிவன. அண்மைப் படியிலும் அக்கேடு அப்படியே ஏறியிருக்கும். கோப்புக்களைப் பூட்டி விலை கேட்கும் கள்ள நிரல்களையும் இவ்விடத்து நினைத்தல் தகும். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் நிரல் பல நாட்டுக் கணினிகளை அங்ஙனம் பூட்டியது; இத்தகையன கணினியோடு இணைத்தே வைத்த டிஸ்க்குகளையும் விட்டுவைப்பதில்லை. இணையத்தில் கோப்புக்களைத் தானே ஒத்திசைக்கும் வசதிகளைப் படியெனக் கருதுவாரும் உளர். இங்கே அழித்தால் அங்கும் அழிவதே ஒத்திசைவின் இயல்பு; சில நாள்வரை பழைய வடிவத்தை அவை காத்துத் தருமேனும், அக்கெடு கடந்தால் அதுவும் இல்லை.

இதற்கு மாற்றாகக் கணினித் துறையார் காந்த நாடாக்களின் காலந்தொட்டுக் கையாளும் முறைக்குப் 'பாட்டன், தந்தை, மகன்' என்பது பெயர். நாட்படி மகன், வாரப்படி தந்தை, திங்கட்படி பாட்டன். ஞாயிறு முதல் சனி வரை நாட்பெயரால் ஏழு அறைகள் அமைத்து, அந்தந்த நாளின் படியை அதனதன் அறையில் இடுதல் வேண்டும்; அடுத்த வாரம் அதே நாளில்தான் அவ்வறை மாற்றியெழுதப்படும். சனிக்கிழமைப் படியை வாரப்படியாகவும் கொண்டு, அத்தகைய நான்கினைக் காத்தல் வேண்டும். திங்களின் முடிவிற் கிடைக்கும் படியைத் திங்கட்படியாக்கி, பன்னிரண்டினைக் காத்தல் வேண்டும். ஆகமொத்தம் இருபத்து மூன்று படிகள். அண்மைக் காலத்துக்கு நாளளவு நுணுக்கமும், சேய்மைக் காலத்துக்குத் திங்களளவு நுணுக்கமும் கிடைக்கும். ஓராண்டு வரை பின்னோக்கிச் செல்லலாம்.

என் கேட்டினையே இம்முறையில் வைத்துப் பார்க்க. பதினெட்டாம் நாளில் ஏழு நாட்படிகளும் குறைபட்டனவே. வாரப்படிகளுள் அண்மையவை இரண்டும் குறைபட்டன. மற்றை இரண்டும் நல்லன; அவற்றுள் ஒன்று தவறு நேர்ந்த திங்களுக்கு இரண்டு நாள் முற்பட்டது. எண்பது சொற்களும் அதில் இருந்திருக்கும்.

இத்தனை படிகளுக்கு இடம் ஏது என்பார்க்கு ஒரு சிறு கணக்கு. தமிழெழுத்துக்குரிய குறி ஒவ்வொன்றும் இக்காலக் கணினியில் மூன்று பைட் இடம் கொள்ளும். ஒரு சொல்லும் அதன் பொருளும் நூறு குறி என்று கொண்டால், அறுநூற்று நாற்பது சொற்களுக்கு ஏறத்தாழ 1,92,000 பைட். அதனை இருபத்து மூன்றால் பெருக்கின் நாற்பத்து நாலரை இலட்சத்துக்குச் சற்றுக் குறையும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் இவ்வளவு இடத்தை எளிதிற் கொள்ளும். ஒரு நிழற்படத்தின் இடத்தை ஒதுக்காமல் எண்பது சொற்களை இழந்தேன் என்பதை எண்ணுந்தோறும் நாணுகின்றேன். நிழற்படங்களும் திரைப்படங்களும் மிகுதியாக உடையார்க்குக் கணக்கு வேறு. எனினும் மாறாத கோப்பை மீண்டும் எழுதாது, மாறியவற்றை மட்டும் புதிதாக எழுதும் நிரல்கள் உள்ளன. ஆப்பிள் கணினிகளில் 2007 முதல் உள்ள 'டைம் மெஷின்' அத்தகையது; ஒருநாள் வரை மணிக்கொரு படியும், ஒரு திங்கள் வரை நாளுக்கொரு படியும், அதன்பின் வாரத்துக்கொரு படியுமாக, டிஸ்கில் இடமுள்ளவரை அது காக்கின்றது. விண்டோஸில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்பது உண்டு. நிரல் ஏதும் வேண்டாதார், கோப்பின் பெயரோடு தேதியைச் சேர்த்துப் புதுப்பெயரிற் சேமித்தாலும் பாதித் துன்பம் நீங்கும்.

நிற்க. தமிழ் பயில்வோர்க்கு இவையெல்லாம் புதியன அல்ல. 'படி' என்னும் சொல்லே ஏட்டுச் சுவடியோடு வந்தது. ஓலை சில தலைமுறைக்கு மேல் நில்லாது. செல்லும் இராமபாணப் பூச்சியும் அதனை உண்ணும். ஆதலின் நம் முன்னோர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதினர். புதியது எழுதியபின் பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடும் வழக்கமும் இருந்தது. என் பென் டிரைவில் நேர்ந்ததும் அதுவே. வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக நமக்குக் கிடைத்தில. பிறர் தம் உரைகளிலும் தொகைகளிலும் எடுத்தாண்ட செய்யுட்களே எஞ்சின. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியதும், பல ஏடுகளை ஒப்பிட்டதும் யாவரும் அறிந்தனவே. ஆயினும் ஒரு வேறுபாட்டை ஈண்டு உணர்தல் வேண்டும். ஏடெழுதுவோர் ஒவ்வொருவரும் வெவ்வேறிடத்தில் பிழை செய்தனர். அதனால் ஓர் ஏட்டின் பிழையை மற்றோர் ஏடு காட்டிக்கொடுத்தது. கணினியோ பார்த்தெழுதுவதில் பிழை செய்வது அரிது. மூலத்திலுள்ள பிழையை எழுத்துப் பிசகாமல் நூறு படிகளிலும் ஏற்றிவிடும். ஒரே நாளில் எடுத்த நூறு படிகளை ஒப்பிட்டும் பயனில்லை. வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு படிகளே கணினியுலகின் பாடபேதம்.

படிகள் பலவாயினும் ஓரிடத்தே இருத்தல் தீது. 1981-ஆம் ஆண்டு ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறிடத்திற் படியுள்ள அச்சுநூல்களை மீண்டும் வாங்கலாயிற்று. படியில்லாத சுவடிகளோ போயே போயின. ஆகவே ஒரு படித்தொகுதியேனும் வேற்றூரில் இருத்தல் நலம். படி உண்மையில் திறக்கின்றதா என்று பார்த்தலும் வேண்டும். 2017 ஜனவரி 31-இல் கிட்லாப் என்னும் நிறுவனத்தார் ஒருவர் தவறுதலாகத் தரவுத்தளத்தை அழித்துவிட, அவர்கள் அமைத்திருந்த ஐந்து காப்புமுறைகளுள் ஒன்றும் செவ்வனே உதவவில்லை. தற்செயலாக ஆறுமணி நேரத்துக்கு முன் கையால் எடுத்திருந்த ஒரு படியே அவர்களைக் காத்தது. எம் அக்காளின் மின்னஞ்சல் எனக்கு உதவியதைப் போலும்!

கொடைக்கானலார் செய்ததை மீண்டும் நோக்குக. தகடுகளைக் கணினிப் படங்களாக மாற்றும் பணியை அவர்கள் ஒருமுறையோடு நிறுத்தவில்லை. முதலில் குறைந்த நுணுக்கத்தில் மாற்றினர். பின்னர்க் கருவிகள் சிறந்தபோது, பக்கத்துக்கு 4096 புள்ளிகள் கொண்ட படங்களாக மறுபடியும் மாற்றினர். படமாக்கியாயிற்று என்று தகடுகளை முதன்முறையே கழித்திருந்தால் இரண்டாம் முறைக்கு இடமேது? இன்று அப்படங்களை அந்நிலையத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் உலக ஆராய்ச்சியாளர் பயன்படுத்துமாறு இணையத்தில் வைத்துள்ளனர்.

எம் வீட்டில் இப்பொழுது இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் உள்ளன. ஒன்று முன்கூடத்து அலமாரியில். படி எடுக்கும் பொழுதன்றி அது கணினியோடு இணைக்கப்படுவதில்லை. மலைக்காற்றின் ஈரத்துக்கு அஞ்சி, காப்பிக் கொட்டை வைக்கும் இறுகிய டப்பாவில் அதனை இட்டு வைக்கின்றார் எம் தந்தையார். மற்றொன்று மதுரையில் அக்காள் வீட்டில் இருக்கும். கிறிஸ்துமஸுக்கும் மே மாதத்துக்கும் அவர் வரும்போது இரண்டும் இடம் மாறும். திங்களுக்கு ஒருமுறை, கண்ணை மூடிக்கொண்டு ஒரு படியைத் தேர்ந்து திறந்து பார்ப்பது என் வேலை. சென்ற திங்களில் அக்காளிடமிருந்து மீண்ட பங்குனிப் படியே அகப்பட்டது. மகர வருக்கத்தில் மூன்று சொற்களுக்கு நேரே பொருள் எழுதப்படவில்லை. "அப்பத்தாவைக் கேட்க வேண்டும்" என்று யானே குறித்திருந்தேன்.