சிறுமொழிகளும் எடிட்டர்களும் – 6: அக்டாவின் கேள்விக்குறி

சென்ற வாரம் பார்த்த, எடிட்டரும் மொழிக்கான சர்வரும் பேசிக்கொள்ளும் எல்.எஸ்.பி. நெறிமுறையை மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடன்வி ஆகிய மூன்றும் சேர்ந்து 2016இல் அறிவித்தன. அதன்பின் ஒரு மொழிக்கு ஒரு சர்வர் எழுதினால் போதும், பல எடிட்டர்களில் அதையே ஓட்டலாம் என்றாயிற்று. ஆள்பலம் இல்லாத மொழிகளுக்கு அது பெரிய வரம். ஆனால் அந்த வரத்துக்குள் முழுதாக அடங்காத மொழி ஒன்று உண்டு: அக்டா.

சுவீடனின் கோத்தன்பர்க் நகரில், சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த மொழி இது. இப்போது புழக்கத்தில் இருக்கும் வடிவம் உல்ஃப் நொரெல் 2007இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து வந்தது. கணிதத் தேற்றத்தின் நிரூபணத்தை நிரலாகவே எழுதலாம். அது சரிதானா என்பதைக் கம்பைலர் சோதித்துச் சொல்லும்.

இதற்குப் பிளகின் எழுத உட்காருபவர் முதலில் முட்டிக்கொள்வது நிறம் தீட்டுவதில்தான். பெரும்பாலான மொழிகளுக்கு எழுத்து வரிசைகளை அடையாளம் காணும் விதிகள் கொஞ்சம் இருந்தால் ஒப்பேற்றிவிடலாம். அக்டாவில் 2+3 என்று இடைவெளி விடாமல் எழுதினால் அது கூட்டல் அல்ல, ஒரே பெயர். புதுப்புதுக் குறிகளை நிரலரே உண்டாக்கிக்கொள்ளலாம். எது எதைக் குறிக்கிறது என்பது கம்பைலர் சோதித்து முடித்த பிறகே தெரியும். அதனால் எந்த எழுத்து முதல் எந்த எழுத்து வரை என்ன நிறம் என்பதைக் கம்பைலரே சொல்லி அனுப்புகிறது. கம்பைலரால் தீர்மானிக்க முடியாமல் போன இடத்துக்கு மஞ்சள் பின்னணி விழும்.

இதைவிட அருமையானது கேள்விக்குறி. எழுதத் தெரியாத இடத்தில் ஒரு ‘?’ போட்டுவிட்டுக் கோப்பைச் சோதிக்கச் சொன்னால், அது ஒரு குழியாக மாறிவிடும். கர்சரை அதற்குள் வைத்து, ‘இங்கே என்ன வேண்டும், என் கையில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கலாம். ஒரு மாறியைக் காட்டிப் பிரிக்கச் சொன்னால், அந்த வரியை எடுத்துவிட்டு, அதற்குரிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வரியைப் புதுக் குழியோடு எழுதித் தரும். அக்டாவில் நிரல் எழுதுவது என்பதே இந்த உரையாடல்தான். இங்கே பிளகினை அலங்காரம் என்று ஒதுக்கவே முடியாது. அது மொழியின் பாதி. இந்தக் குழிகளைப் பற்றிக் கேட்க எல்.எஸ்.பி.யில் கோரிக்கை ஏதும் இல்லை.

அக்டாவுக்கு இருப்பது சொந்த நெறிமுறை. அது ஈமேக்ஸை மட்டும் மனத்தில் வைத்துப் பிறந்தது. பதில்களெல்லாம் ஈமேக்ஸ் லிஸ்ப் வரிகளாகவே வந்தன. வேறு எடிட்டருக்கு எழுதியவர்கள் அந்த லிஸ்பைப் பிரித்துப் படிக்க வேண்டியிருந்தது. ஜேசன் பதில்கள் பின்னால் வந்தன. கட்டளைகளை மட்டும் இன்றும் ஹாஸ்கெல் வடிவில்தான் அனுப்ப வேண்டும்.

விஎஸ் கோட் பக்கம் வந்தால் இன்னொரு சிக்கல். அக்டா ஒவ்வொரு யூனிகோட் குறியையும் ஒன்று என எண்ணுகிறது. விஎஸ் கோட் எண்ணுவது யுடிஎஃப்-16 அலகுகளை. ℕ இரண்டிலும் ஒன்றுதான். 𝔹 வந்தாலோ அங்கே ஒன்று, இங்கே இரண்டு. கணக்கை மாற்றித் தராவிட்டால், அதற்குப் பின் வரும் நிறங்கள் எல்லாம் ஓரிடம் நகர்ந்து விழும்.

புதிதாக மொழி படைக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எடிட்டரோடு பேசும் வழியைக் கம்பைலரின் முதல் பதிப்பிலேயே திறந்து வையுங்கள். எந்த எடிட்டரும் படிக்கக்கூடிய வடிவில் பதில் சொல்லுங்கள். இடங்களை எந்த அலகில் எண்ணுகிறீர்கள் என்பதை ஆவணத்தில் எழுதுங்கள். உங்கள் மொழிக்குப் பிளகின் எழுத முன்வருபவர் அநேகமாக ஒரே ஒருவராகத்தான் இருப்பார். அவருடைய நேரத்தை வீணாக்காதீர்கள்.

அடுத்த வாரம்: எல்.எஸ்.பி.யோடு தன் சொந்தக் கோரிக்கைகளையும் சேர்த்துக்கொண்ட லீன்.

(தொடரும்)