நாளை வரை பொறுக்காத நோய்

ஒரு புறம் கடலும் மறு புறம் புத்தளம் களப்பும் சூழ்ந்த மாம்புரியிலே காற்றுக்கு ஓய்வில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலும் தலையிடியும் கண்டால், “காற்றுப் பட்டுவிட்டது, நாளை பார்ப்போம்” என்று சொல்லும் பெரியோர் எங்கும் உண்டு. பெரும்பாலான காய்ச்சல்கள் நாளை வரை பொறுக்கும். ஒரு நோய் மட்டும் பொறுக்காது. அதுவே பற்றீரியாவினால் உண்டாகும் மூளையுறை அழற்சி.

மூளையையும் முண்ணாணையும் மூன்று மெல்லிய சவ்வுகள் போர்த்தியுள்ளன. அவற்றினிடையே தெளிந்த நீர் ஒன்று உண்டு. வளர்ந்தவரிடம் அது ஏறக்குறைய 150 மில்லிலீற்றர். இந்நோய்க்குரிய கிருமிகள் பல, நலமுள்ளோரின் மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றித் தங்குபவை. இருமலாலும் தும்மலாலும் பரவுபவை. நெருங்கி வாழுமிடத்தில் ஆபத்து அதிகம். 2023 ஆகஸ்டில் காலிச் சிறைச்சாலையிலே இவ்வகைக் கிருமியால் உயிரிழப்பும் நேர்ந்தது.

அருமையாக ஒருவரிடத்தில் இக்கிருமிகள் இரத்தத்திற் கலந்து, மூளையின் காவலைக் கடந்து, அந்நீரை அடைகின்றன. அங்கே அவற்றை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் மிகச் சிலவே. வேலியில்லாத தோட்டத்திற் புகுந்த மாடுகளுக்குத் தடையேது? கிருமிகள் பெருகியபின் உடலின் எதிர்ப்புப் படை திரண்டு வர, சவ்வும் மூளையும் வீங்குகின்றன. மண்டையோடோ விரிந்து கொடாது. உள்ளே அமுக்கம் ஏற, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது.

கடுந்தலையிடி, வாந்தி, கண்கூச்சம், பிடரி விறைப்பு, மயக்கம், வலிப்பு ஆகியன இதன் அறிகுறிகள். கைக்குழந்தைக்குப் பிடரி விறைக்காமலும் இருக்கலாம். பால் குடிக்க மறுத்தல், ஓயாத அழுகை, உச்சிக்குழி புடைத்தல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இந்நோய் கண்டோரில் ஆறு பேருக்கு ஒருவர் இறப்பதாகவும், ஐவருக்கு ஒருவர் செவிடு முதலிய கடும் பின்விளைவுகளை அடைவதாகவும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

முதுகிலே ஊசியிட்டு நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதும், பிள்ளை முடமாகிவிடுமோ எனப் பெற்றோர் கலங்குவர். அஞ்ச வேண்டாம். முண்ணாண் முடிவடையும் இடத்திற்குக் கீழேயே ஊசி செல்கிறது. 1891 இல் ஜேர்மானிய வைத்தியர் குவிங்கே கைக்கொண்ட முறை இது. எந்தக் கிருமி, எந்த மருந்து என்பதை அந்தச் சில துளி நீரே காட்டிக் கொடுக்கும்.

வருமுன் காத்தலும் நம் கையிலுண்டு. இந்நோயை உண்டாக்கும் கிருமிகளுள் ஒன்றான ‘ஹிப்’புக்கு எதிரான தடுப்பூசி 2008 இல் இலங்கைக்கு வந்தது, குழந்தைக்கு 2, 4, 6 மாதங்களில் இடப்படுகிறது. ஹஜ் யாத்திரிகர் மெனிங்கோகொக்கஸ் கிருமிக்கு எதிரான தடுப்பூசி பெற்றே செல்ல வேண்டும்.

பாலாவி வழியே புத்தளம் செல்லும் வீதி இரவிலும் திறந்தே கிடக்கிறது. ஐயம் எழுந்த அந்த நாழிகையிலேயே புறப்படுங்கள். வீண் பயணமாயின், அதைவிட மகிழ்ச்சி வேறென்ன?