கழிவும் காசும் – 14: மிதக்கும் சாம்பல்

அனல் மின் நிலையச் சாம்பல் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறும் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். லாரி லாரியாகப் போகும் அதே சாம்பலுக்குள் பல மடங்கு விலைபோகும் இன்னொரு சரக்கும் கலந்திருக்கிறது. அதன் பெயர் செனோஸ்பியர்.

ஃப்ளை ஆஷ் கல் போடும் இடம் பக்கத்தில் இருந்தால் ஒரு கரண்டி சாம்பல் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கி, ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். மேலே வெளிறிய ஏடு ஒன்று மிதக்கும். எரியாத கரித்துணுக்குகளும் அதில் கொஞ்சம் இருக்கும். மற்றதெல்லாம் நுண்ணோக்கியில் உருண்டை உருண்டையாகத் தெரியும். உள்ளே வெறும் கூடு.

நிலக்கரியை மாவாக அரைத்து, காற்றோடு சேர்த்து உலைக்குள் ஊதுகிறார்கள். 1,400 டிகிரி செல்சியஸ் தாண்டிய அந்த வெப்பத்தில் கரி சில நொடிகளில் எரிந்துபோகிறது. அதோடு ஒட்டி வந்த களிமண்ணும் மணலும் உருகித் துளிகளாகின்றன. துளிக்குள் வாயு பிறந்தால் அது பூரி மாதிரி உப்பிக்கொள்ளும். புகையோடு வெளியேறும்போது சட்டென்று குளிர்ந்து, உப்பிய வாக்கிலேயே இறுகிவிடும். சிக்கிக்கொண்ட வாயு பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும்தான். ஓட்டின் கனம் சில மைக்ரான். தண்ணீரைவிட லேசு, ஆனால் வெப்பத்துக்கும் அமிலத்துக்கும் எளிதில் மசியாது.

இதை அதிகம் விரும்புபவர்களில் எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களும் உண்டு. கிணற்றுக் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சிமெண்ட் குழம்பை இறக்குவார்கள். சாதாரணக் குழம்பு தண்ணீரைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு கனம். பாறை பலவீனமாக இருந்தால் அந்தப் பாரத்தில் விரிசல் விட்டு, குழம்பையே விழுங்கிவிடும். செனோஸ்பியர் கலந்தால் பாரம் குறையும். தண்ணீரை ஊற்றிக் குழம்பை நீர்க்கவைக்க வேண்டியதில்லை. ரொம்ப ஆழத்துக்கு மட்டும் இது சரிப்படாது: அழுத்தத்தில் உருண்டைகள் நொறுங்கிவிடும். பெயிண்ட், பிளாஸ்டிக், உலைகளின் வெப்பத் தடுப்புச் செங்கல் என்று மற்ற உபயோகங்களும் நிறைய.

பிறகு ஏன் குவித்துவிடவில்லை? இருப்பது அவ்வளவுதான். 210 மெகாவாட் அலகு ஒன்று முழு வேகத்தில் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் ஆயிரம் டன் பறக்கும் சாம்பல் வரும். அதில் செனோஸ்பியர் நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால் 10 டன். பல இடங்களில் அதுவும் கிடைப்பதில்லை.

அதைப் பிரிக்கச் சுலபமான வழி தண்ணீர்தான். சாம்பலைக் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்பினால், கனமானது குழாய் வாயருகே படியும். லேசானது மிதந்து, காற்றடிக்கும் திசையில் கரையோரம் ஒதுங்கும். அதை அள்ளி, காயவைத்து, சலித்து, மூட்டை கட்டுவார்கள். சிக்கலும் இங்கேதான். உலர் சாம்பலாகவே பிடித்து விற்பது சுற்றுப்புறத்துக்கு நல்லது. ஆனால் அப்போது குளத்தில் ஏடு கட்டாது. காற்றைக் கொண்டு உலர்வாகப் பிரிக்கலாம்தான், தண்ணீர் அளவுக்குச் சுத்தமாக வராது.

அதற்காகச் சாம்பல் குளம் வேண்டும் என்று வாதாடுபவர்களுக்கு கிங்ஸ்டன் நினைவிருக்கட்டும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், 2008 டிசம்பர் 22 நள்ளிரவு கடந்து, அங்கிருந்த மின் நிலையத்தின் சாம்பல் குளக்கரை உடைந்தது. சுமார் 40 லட்சம் கன மீட்டர் சாம்பல் சேறு வெளியேறி எமரி ஆற்றை அடைத்தது, வீடுகள் சேதமாயின. ஆற்றின் மேல் மிதந்துபோன செனோஸ்பியரை மிதவைத் தடுப்புப் போட்டு வளைத்துப் பிடித்தார்கள். மூழ்கிய சாம்பலைத் தோண்டியெடுத்து முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

நம்மூரிலும் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்த கதை தெரிந்ததே. மேலே மிதக்கும் ஒரு பங்குக்கு வாங்க ஆள் உண்டு. அடியில் படியும் 99 பங்குக்கும் வழி செய்த பிறகே இதை லாபம் என்று கணக்கெழுத வேண்டும்.

(தொடரும்)